எலி செத்தாச்சு, அண்ணே

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் உலகம்மை. பாளையங்கோட்டையில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் இருந்துகொண்டு, தையல் மெஷின் ஊசிகளைப் பற்றி மட்டும் ஓர் இணையதளம் நடத்திவந்தார். எந்தத் துணிக்கு எந்த ஊசி, ஊசி ஏன் உடைகிறது, அவ்வளவுதான். படித்தவர்கள் அங்கே இருக்கும் சுட்டியைத் தட்டி, இணையக் கடைக்குப் போய் ஊசி வாங்கினால், கடைக்காரர் குருவுக்கு ஒரு சிறு பங்கு தருவார். குரு அதிகம் பேசமாட்டார்.

சீடர் ஆவுடையப்பன், கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் அதே மாதிரி ஒரு தளம் தொடங்கியிருந்தார், எலிப்பொறிகளைப் பற்றி.

ஆடி முடிவதற்குள் தளம் கொஞ்சமாவது பிழைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மச்சினனின் கல்யாண மண்டபத்துக்கு அவர் மேனேஜராகப் போக வேண்டும். வீட்டில் அப்படித்தான் பேச்சு. ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் வரும், வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட ஓர் ஆள் வேண்டும். சஃபாரி சட்டைக்கு மச்சினன் துணிகூட எடுத்துவிட்டான்.

சீடர் முதன்முறை வந்தபோது கேட்டார்.

"மரப்பொறி, கூண்டுப்பொறி, பசை அட்டை, எல்லாத்தையும் எழுதிட்டேன் டீச்சர். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. ஏன்?"

"உங்க வீட்டு அடுப்படியில எலி ஓடுதுன்னு வச்சுக்குவோம். என்ன செய்வீங்க, அண்ணாச்சி?"

"நான் எங்க செய்ய? அதுக்குள்ள எங்க வீட்டுக்காரி கட்டில் மேல ஏறிருவா."

"ஏறி?"

"கத்துவா."

"என்னன்னு?"

"எலின்னுதான்."

"'சிறந்த பத்து எலிப்பொறிகள்'னு கத்தமாட்டாங்களா?"

சீடர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆடியின் கடைசி வாரத்தில் மறுபடியும் வந்தார். நல்ல வெயில். மூன்று மாடி ஏறிய மூச்சோடு வாசலிலேயே சொன்னார்.

"ஆள் வாறாங்க டீச்சர்! கூட்டம்!"

"எந்தப் பக்கத்துக்கு?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

குரு கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சீடரே சொன்னார்.

அவர் வீட்டிலேயே ஓர் எலி செத்துப்போயிருந்தது. எங்கே என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கிறவரை உலை வைக்க முடியாது என்று மனைவி சொல்லிவிட்டார். சீடர் வீடெல்லாம் தவழ்ந்து மோப்பம் பிடித்தார். கடைசியில் ஈ மொய்த்த இடத்தை வைத்து, ஃப்ரிட்ஜின் பின்னால், மோட்டார் பக்கத்தில் கண்டுபிடித்தார். எடுத்துப் போட்டு, கழுவி, நாற்றத்தை இழுக்கக் கிண்ணத்தில் கரித்துண்டு வைத்த பிறகும் அது போக நேரமானது. அந்தக் கோபத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதினார். 'எலி செத்து நாறுதா?' என்று தலைப்பு வைத்தார்.

"மத்ததெல்லாம் நாள் கணக்கா யோசிச்சு எழுதினேன். இது மூக்கைப் பொத்திக்கிட்டு எழுதினது. தமிழ்நாடே இதைத்தான் படிக்குது. வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு."

"அப்புறம்?"

"வர்ற கூட்டத்தை விடலாமா? முந்தாநாள் அந்தப் பக்கத்துல நல்லதா எட்டுப் பொறிக்குச் சுட்டி வச்சேன், தலைப்புக்குக் கீழேயே. ஒருத்தர்கூடத் தட்டல. வந்தவங்களும் உடனே ஓடிர்றாங்க. ஒருத்தன் மட்டும் கீழே ஒரு வரி எழுதியிருக்கான்."

சீடர் போனை நீட்டினார். குரு வாங்கிப் படித்தார்.

'எலி செத்தாச்சு, அண்ணே.'

"இவன் என்னதான் சொல்ல வாறான், டீச்சர்? ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்துட்டேன்."

குரு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

சீடரின் போன் அடித்தது. மச்சினன். "அத்தான், டெய்லர் துணியை வெட்டப் போறாரு. அளவு குடுக்க எப்ப வாறீங்க?" என்ற குரல் குருவுக்கும் கேட்டது. "வாறேன்ப்பா, வாறேன்" என்று சீடர் வைத்துவிட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தொண்டை வறளுது. கொஞ்சம் தண்ணி குடுங்க டீச்சர்."

குரு உள்ளே போனார். வரும்போது அவர் கையில் ஒரு குடை இருந்தது.

"மூணு மடிப்பு, அண்ணாச்சி. கம்பி துருப்பிடிக்காது. உள்பக்கம் வெள்ளிப் பூச்சு, சூடு இறங்காது."

சீடர் குடையைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"நான் தண்ணி கேட்டேன்."

"இது இருந்திருந்தா இவ்வளவு தாகம் எடுத்திருக்காதே."

"அது சரி டீச்சர். இப்ப எடுக்குதே!"

"இன்னும் ஏழு வகை இருக்கு. காட்டவா?"

"எலி செத்தாச்சு, அண்ணே" என்று சீடர் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

குரு குடையைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். பானைத் தண்ணீர். சீடர் அண்ணாந்து குடித்தார். செம்பு காலியாகும்வரை குரு நின்றுகொண்டிருந்தார்.

சீடர் போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பொறியாக நீக்கினார். எட்டாவதை நீக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது.

"அப்ப எனக்கு மண்டபம்தானா, டீச்சர்?"

குரு செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

சீடர் எழுந்தார். செருப்பை மாட்டினார். மாடிப்படிச் சன்னல் வழியே தெரு தெரிந்தது. தார் ரோடு மின்னியது. ஒரு நாய் ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தது. இரண்டு படி இறங்கியவர், நின்று திரும்பினார். கதவோரம் சாய்ந்திருந்த குடையை நன்றாகப் பார்த்தார்.

"டீச்சர்... இந்தக் குடை எங்க வாங்கினீங்க?"

குரு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"நாத்தம் போயிருச்சா, அண்ணாச்சி?"

"போன பிறகுதான் பொறியைத் தேடுவான்... அப்ப பக்கத்தோட கடைசியில வைக்கணும், டீச்சர்!"

சீடரின் சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சினன்தான். அவர் எடுக்கவில்லை.