நனைந்த நடுக்கோடு

‘கடல்வேங்கை’ என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலின் அடித்தளத்தில் பதினாறு ஆண்டுகள் குழாய் துடைத்தவர் தாணுலிங்கனார். சுசீந்திரம் பக்கத்துக்காரர். கடலுக்கடியில் விளக்கேற்றக் கூடாது, மணியடிக்கக் கூடாது. ஆகவே துடைத்து முடித்த ஒவ்வொரு குழாயிணைப்பிலும் திருநீற்றால் மூன்று கோடு இழுத்து, வாய்க்குள் ‘சிவசிவ’ என்பார். அதுவே அவர் பூசை.

“வந்துட்டாருவே பைப்பு குருக்கள்!” என்று மாலுமிகள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே துடைத்தார்.

பொறியறை அதிகாரி சேதுநாராயணன் சிரிக்கவில்லை. கருவிகளை அழுக்காக்குபவர் என்று பணிப்பதிவேட்டில் எழுதினார். கரை சேர்ந்ததும் வேலையிலிருந்து நீக்குவதாகவும் சொன்னார்.

“தண்டனைய ஏத்துக்கிடுதேன் ஐயா. நீற மட்டும் அழிக்கச் சொல்லாதிய” என்றார் அடியார்.

அந்தப் பயணத்தின் பன்னிரண்டாம் நாள், கப்பல் முந்நூறு மீட்டர் ஆழத்தில் இருந்தது. கடல்நீர் ஓடும் குழாயொன்றில் நீறு நனைந்திருக்கக் கண்டு, அதிகாரியிடம் விரைந்து சொன்னார்.

“உம்ம சாமிக்கு வேர்க்குதோ?”

“வேர்த்தா மூணு கோடும் நனையும் ஐயா. இது நடுக்கோடு மட்டும்லா நனைஞ்சிருக்கு. தொடச்சிட்டுத் திரும்பப் பூசினேன். திரும்பவும் அதே எடம்.”

அருகே அமர்ந்திருந்த கப்பல் தளபதி மாசிலாமணி எழுந்து வந்தார். நனைந்த இடத்தை விரலால் தொட்டு நாவில் வைத்தார். உப்புக் கரித்தது. உடனே கப்பலை மேலே ஏற்றச் சொன்னார். குழாயில் மயிரிழை விரிசல். தொண்ணூற்றிரண்டு உயிர்கள் தப்பின.

கப்பல் ஓய்வு பெற்றபோது அதன் பணி வரலாறு அச்சாயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். நான்தான் தவறவிட்டேனோ என்று இருமுறை படித்தேன். ஓடிய தொலைவு உண்டு, விருந்துகள் உண்டு. “விரிசல் உரிய நேரத்தில் கண்டறியப்பட்டது” என்று ஒரு வரியும் உண்டு. யார் கண்டறிந்தது? விரிசல் தானே வந்து சொல்லிற்றா? பதக்கம் சேதுநாராயணனுக்கு. கருவிகளை அழுக்காக்கியவர் என்ற பெயரோடு அடியார் வேலை இழந்தார். எழுதிய கை கூசவில்லையா?

பிரிவு விழாவுக்கு அவருக்கு அழைப்பில்லை. வாயிலுக்கு வெளியே நின்று கப்பலைக் கும்பிட்டார். மாசிலாமணி மேடையிலிருந்து இறங்கி அவரிடம் வந்தார். கையில், அன்று வெட்டியெடுத்த குழாய்த் துண்டு. மேல்கோடும் கீழ்க்கோடும் உதிர்ந்திருந்தன. நடுக்கோடு மட்டும் கடலுப்போடு இறுகி வெண்மையாக நின்றது.

“நானும் தொடச்சுப் பாத்துட்டேன் ஐயா, போகல. ஈசனே இட்டுக்கிட்டாரு” என்று தளபதி கைகூப்பினார்.

அடியார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏட்டில் இல்லாத அவர் பெயரை ஈசன் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். குழாய் துடைத்த அந்தக் கைகளுக்கு நம் வணக்கம்.