கரடி கட்டிய தொளதொள நூல்

ஒரு காட்டில், மலையடிவாரத்தில், எல்லா விலங்குகளுக்கும் பொதுவாக ஒரு கல்வீடு இருந்தது. மழைக்காலம் வந்துவிட்டால் முயல், மான், குரங்கு, முள்ளம்பன்றி எல்லாம் அதற்குள்தான் ஒண்டிக்கொள்ளும். முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் யார் படுப்பது என்று தினமும் சண்டை வரும். மற்றபடி சுகமான வீடுதான்.

ஒரே ஒரு தொல்லை. அந்த மலைக்கு அவ்வப்போது விக்கல் எடுக்கும். பூமி ஒரு குலுக்குக் குலுக்கும். பானைகள் உருளும், முள்ளம்பன்றி யார் மேலாவது போய் விழும், பிறகு எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அப்படி ஒரு குலுக்கலில் வீட்டுச் சுவரில் விரிசல் ஒன்று விட்டுவிட்டது.

விரிசல் அப்படியே நிற்கிறதா, வளர்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நூலாயி என்ற சிலந்தி அதற்கு ஒரு வழி செய்தாள். விரிசலுக்குக் குறுக்கே ஒரு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினாள்.

"விரிசல் பெருசானா இந்த நூல் பட்டுன்னு அறுந்துடும். அறுந்தா எல்லாரும் வெளியே போயிடணும். கல்லும் களிமண்ணும் வச்சுச் சுவரைப் பலப்படுத்தின பிறகுதான் உள்ளே வரணும்" என்றாள்.

சிங்கராஜா அதையே சட்டமாக்கினார். சுவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சடையன் என்ற கரடியிடம் ஒப்படைத்தார். சடையனுக்கு உடம்பெல்லாம் பலம். அந்தப் பலத்தை அவன் ஒருநாளும் வீணாக்கியதில்லை. தூங்குவான், தேன் நக்குவான், மறுபடியும் தூங்குவான்.

நூலாயி ஒரு நூல் உருண்டையை அவன் கையில் கொடுத்துவிட்டு மாமரத்துக்குக் குடிபோனாள். அவளுக்கு அந்த வருஷம் நானூறு பிள்ளைகள். சுவரைப் பற்றி நினைக்க அவளுக்கு ஏது நேரம்?

மலை விக்கியது. நூல் அறுந்தது. சடையன் ஓடையிலிருந்து கல் சுமந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தான். இடுப்பு ஒடிந்துவிட்டது. களிமண்ணைப் பூசி, புது நூலும் கட்டிவிட்டு அப்பாடா என்று தேனடையில் கையை விட்டான். அந்த நேரம் பார்த்து மலை மறுபடி விக்கியது. நூல் மறுபடி அறுந்தது.

சடையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சுவர் சும்மா நிக்குது. இந்த நூலுக்குத்தான் பொறுமையே இல்ல!" என்று கத்தினான்.

இந்தத் தடவை அவன் கல் எடுக்கப் போகவில்லை. புது நூலைத் தொளதொளவென்று, ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டுக் கட்டினான்.

அதற்குப் பிறகு மலை எத்தனை விக்கினாலும் நூல் அறுந்தால்தானே! விரிசல் அகலமாக அகலமாக, சடையனும் தாராளமாக நூலை விட்டுக்கொண்டே போனான்.

சிங்கராஜா வாசலோடு நின்று கேட்பார். "நூல் அறுந்ததா?"

"இல்லீங்க ராஜா."

"நன்று!" என்று திரும்பிப் போவார். தப்பித் தவறிக்கூடச் சுவரைப் பார்க்க மாட்டார்.

விரிசலுக்குள் இப்போது சடையனின் கையே போனது. 'அட, நல்ல அலமாரி!' என்று தேன்பானையை அதில் வைத்தான். மறுநாள் தேன் குறைந்திருந்தது. அதற்கு மறுநாளும் குறைந்தது. ஒளிந்திருந்து பார்த்தான். சுவருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து தேனை வழித்துக்கொண்டு போயிற்று. சடையன் எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் குரங்கு உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மரம் தெரிந்தது, மழை தெரிந்தது.

விரிசல் சுவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை பிளந்துவிட்டது! 'கல் எடுத்து வரணும்' என்று நினைத்தான். வெளியே மழை கொட்டியது. 'மழை விடட்டும்' என்று படுத்துக்கொண்டான்.

அப்போது சிங்கராஜா வந்தார். விரிசலில் குரங்கின் முகம் தெரிந்தது.

"சுவருக்குள் யார்?"

"குரங்குதான் ராஜா. அது வெளியே நிக்குது."

"அப்படியா? நூல் அறுந்ததா?"

"இல்லீங்க."

"நன்று!" ராஜா கிளம்பிவிட்டார்.

மழை விடவேயில்லை. ஒருநாள் மத்தியானம் ராஜா உட்பட எல்லோரும் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மலை விக்கியது. வழக்கமான விக்கல் இல்லை, நீளமான விக்கல். கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. எல்லோரும் நூலைத் திரும்பிப் பார்த்தார்கள். அது அறுபடாமல் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி சாப்பிடத் தொடங்கினார்கள்.

சடையன் மட்டும் தலைதெறிக்க வெளியே ஓடினான்.

"ஏன் சடையா, மழையில குளிக்கவா போற?" என்று குரங்கு சிரித்தது.

மழையில் நின்றபடி சடையன் உள்ளே பார்த்தான். அந்த விரிசலுக்கு நேர் கீழே முயல்குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தன. தன் சோம்பலை நினைத்து முதல்முறையாக வெட்கப்பட்டான்.

"எல்லாரும் வெளியே வாங்க! அந்த நூலை நம்பாதீங்க! நான்தான் கல் சுமக்கச் சோம்பல்பட்டுத் தொளதொளன்னு கட்டி வச்சேன்!"

தாய் முயல் யோசித்தது. "உங்களை நம்புறதா, நூலை நம்புறதா அண்ணே? நூல் நல்லாத்தானே இருக்கு?"

"நூல் அறுந்ததா?" என்று கேட்டார் ராஜா.

"இல்லை ராஜா!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"நன்று. எனக்கு இன்னொரு கிழங்கு வை."

சடையன் தலையில் அடித்துக்கொண்டான். இவர்களுக்குச் சுவர் தெரியாது, நூல்தான் தெரியும். அப்படியானால் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மறுபடி உள்ளே ஓடினான். நூலைப் பிடித்து ஒரே இழுப்பு. பட்!

"ஐயோ, நூல் அறுந்துபோச்சு!"

அவ்வளவுதான். ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் ராஜா. கையில் கிழங்கு வேறு. முயல்குட்டிகளை வாரி அணைத்துக்கொண்டு கடைசியாக வந்தான் சடையன். அவன் வாசலைத் தாண்டியதும் மலை ஒரு பெரிய விக்கல் விக்கியது. சுவர் தடதடவென்று சரிந்தது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உடைந்தது தேன்பானை மட்டும்தான். குரங்கு அதற்காகக் கொஞ்சம் அழுதது.

சத்தம் கேட்டு நூலாயி இறங்கி வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவளுக்கு எட்டுக் காலும் துடித்தன. "ஏன்டா சடையா, அது அறுந்துபோறதுக்குத்தானே கட்டினேன்!"

சடையன் தலையைக் குனிந்துகொண்டு கல் பொறுக்கப் போனான்.

வீட்டைத் திரும்பக் கட்டினார்கள். பாதிக்கு மேல் கல் சுமந்தது சடையன்தான். சிங்கராஜா தீர்ப்புச் சொன்னார்: "சுவரைப் பார்த்துக்கொள்பவன் இனிமேல் அந்தச் சுவருக்கு அடியில்தான் படுக்க வேண்டும்."

சடையனும் ஒன்று கேட்டான். "ராஜாவும் வாசலோட நிக்காம உள்ளே வந்து சுவரைப் பாக்கணும்." ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் புதுச் சுவரில் தலைமயிர் அளவு ஒரு விரிசல் விட்டது. நூலாயி வந்து விறைப்பாக நூல் கட்டினாள். அடுத்த விக்கலில் அது பட்டென்று அறுந்தது. சுவருக்கு அடியில் படுத்திருந்த சடையன் துள்ளி எழுந்து ஆடினான்.

"அறுந்துடுச்சு! நல்லவேளை, அறுந்துடுச்சு!"

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஓடினான்.

நீதி: ஆபத்தைக் காட்டும் அடையாளத்தை ஏமாற்றலாம், ஆபத்தை ஏமாற்ற முடியாது.