இருக்கிறாயா என்று கேட்ட பெட்டி

ஒரு விடுகதை. அவசரப்படாமல் யோசியுங்கள்.

ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே காவல்காரன். அவன் கையில் கம்பு இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. தூரத்தில் இருக்கும் ஒருவரைப் பார்த்து, "இருக்கிறாயா? இருக்கிறாயா?" என்று ஓயாமல் கூவுவான். "இருக்கிறேன்" என்று உடனே பதில் வந்தால் சரி. கொஞ்சம் தாமதமானாலும் போச்சு. திறந்த வாசலை இழுத்து மூடிவிட்டு மற்ற வாசலைத் திறப்பான். வாசலில் நின்று யாராவது பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு பாதியில் அறுந்துபோகும்.

பேச்சை அறுத்தது யார்?

விடை தெரிந்தவர்கள் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கியநாதனுக்குத் தெரியவில்லை.

*

"டீச்சர், லைன் என் உயிர எடுக்கு."

பாக்கியநாதன் காய்கறிப் பையோடு வகுப்புக்குள் வந்தார். பைக்குள் காய்கறி இல்லை. அவர் வீட்டு இன்டர்நெட்டைக் காக்கும் ஃபயர்வால் ரவுட்டர் பெட்டி இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிற மாதிரி அதை மார்போடு அணைத்திருந்தார்.

அவர் பாளையங்கோட்டையில் டயர்க்கடை வைத்திருப்பவர். சபியா டீச்சர் அவரைவிட வெகு இளையவர். சனிக்கிழமைதோறும் வீட்டு நெட்வொர்க் பாடம் நடத்துவார். அந்தப் பெட்டியை வாங்கி மாட்டவும், அதில் கேபிள் இன்டர்நெட்டையும் மொபைல் சிம்மையும் சேர்த்துக் கட்டவும் பாக்கியநாதன் அவரிடம்தான் கற்றுக்கொண்டார். கேபிள் செத்தால் பெட்டி தானாகவே சிம்முக்குத் தாவும். கேபிள் பிழைத்தால் திரும்பி வரும்.

"உக்காருங்க அண்ணாச்சி. மூச்சு விடுங்க."

"மூச்சு விட நேரமில்ல டீச்சர். இன்னைக்குச் சாயங்காலம் பிலோ கூப்பிடுவா."

"சொல்லுங்க. முதல்லருந்து."

அவர் சொல்ல ஆரம்பித்தார். மனைவி பிலோமினா மஸ்கட்டில் நர்ஸ். அவள் சாயங்காலம் கூப்பிடும்போதெல்லாம் பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது.

"இருக்கீங்களா அண்ணாச்சி?" என்றார் சபியா டீச்சர்.

"இருக்கேன். அவளுக்கு ஆஸ்பத்திரியில குடும்பத்தோட இருக்க வீடு குடுக்கேன்னு..."

"இருக்கீங்களா?"

"இருக்கேன் டீச்சர். மக ஜெசிந்தா அங்க போயிப் படிக்கலாம், நான் கடைய விட்டுட்டுப் போக முடியாது. இல்லேன்னா பிலோ வேலைய விட்டுட்டு இங்க..."

"இருக்கீங்களா?"

"எங்க போவேன்? இங்கதான இருக்கேன்!"

எரிச்சலில் அவருக்குத் தொண்டை வறண்டது. மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"இருக்கீங்களா?"

வாயில் தண்ணீர். அவர் கையை மட்டும் ஆட்டினார்.

சபியா டீச்சர் எழுந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி போயிட்டாரு" என்றார் சுவரிடம். "நீ சொல்லு."

"டீச்சர்! தண்ணி குடிச்சேன் டீச்சர்!"

"பதில் வரலியே."

"பதில் வரலேன்னா ஆளே இல்லேன்னு ஆயிருமா?"

சபியா டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தார். பெட்டியை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினார்.

*

கேபிள் உயிரோடு இருக்கிறதா என்று பெட்டி குறித்துவைத்த வரைபடம் ஒன்று திரையில் வந்தது. பச்சையாகப் போய்க்கொண்டிருந்த கோடு, பிலோமினா கூப்பிடும் சாயங்காலங்களில் மட்டும் சிவப்பாகக் குத்திட்டு நின்றது.

"பாத்தீங்களா? பாவி, அந்த நேரம் பாத்துச் சாகுது" என்றார் பாக்கியநாதன்.

"செத்தது எது?"

"கேபிள்."

சபியா டீச்சர் இன்னொரு படத்தைத் திறந்தார். கேபிள் வழியாக எவ்வளவு தகவல் ஓடியது என்று காட்டும் படம். சிவப்புக் குத்துக்கு நேராக விரலை வைத்தார். அங்கே தகவல் தங்கு தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி சிம்முக்குத் தாவிய பிறகுதான் நின்றிருந்தது.

"செத்தவன் இப்படி ஓடுவானா அண்ணாச்சி?"

பாக்கியநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப கட் பண்ணினது?"

"உங்க பெட்டி யாரப் பாத்து 'இருக்கியா'ன்னு கேக்குது?"

பாக்கியநாதன் திரையில் ஒரு இணைய முகவரியைக் காட்டினார். கேபிள் கம்பெனியின் முகவரி இல்லை அது.

"யாரு இது?"

"பிலோவோட ஹாஸ்டல்" என்றார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "கம்பெனிக்காரன் சொன்ன முகவரிய எடுத்துட்டேன். எனக்கு எதுக்கு அவன்? நான் பேசப் போறது பிலோகிட்ட. அதான் அவ வாசல்லயே போயிக் கேளுன்னு போட்டேன்."

"சாயங்காலம் அந்த ஹாஸ்டல்ல எத்தன பேரு வீட்டுக்குப் பேசுவாங்க?"

"அத்தன பேரும்தான். ட்யூட்டி முடிஞ்சு வர்ற நேரம்லா?"

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது.

அங்கே கடலுக்கு அப்பால், ஹாஸ்டலின் வாசலில் ஒரு சின்ன ரவுட்டர் அத்தனை பேரின் பேச்சையும் சுமந்துகொண்டு மூச்சு வாங்குகிறது. அதனிடம் போய் அவருடைய பெட்டி ஓயாமல் 'இருக்கியா' என்று கேட்கிறது. அது பதில் சொல்லப் பிந்துகிறது. உடனே இங்கே, பாளையங்கோட்டையில், நல்ல கேபிளின் கழுத்தை அவர் பெட்டி நெரிக்கிறது.

"கட் ஆனதும் என்ன செஞ்சீங்க?"

"சீக்கிரம் சிம்முக்குத் தாவட்டும்னு, பெட்டி தாமதத்தப் பொறுக்குற நேரத்தக் கொறச்சேன்."

"அப்புறம்?"

"மறுபடி கட் ஆச்சு."

"அப்புறம்?"

"இன்னும் கொறச்சேன்."

சபியா டீச்சர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"நான் நல்லா கவனமாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன் டீச்சர்" என்றார் பாக்கியநாதன்.

*

முகவரியை அவரே மாற்றினார். கேபிள் கம்பெனியில், பதில் சொல்வதையே வேலையாக வைத்திருக்கும் சர்வரின் முகவரியைப் போட்டார். அடுத்த கட்டம் காலியாக மினுக்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு தாமதம் பொறுக்கலாம் என்று கேட்கும் கட்டம் அது.

"எவ்வளவு போட டீச்சர்?"

"உங்க பொண்ணுகிட்ட ஒரு கேள்வி கேட்டா, அவ யோசிச்சுப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஜெசியா?"

அவர் விரல் விசைப்பலகையின் மேலேயே நின்றது.

"தெரியல டீச்சர்."

"பதினோரு வருஷமா கூட இருக்கா. தெரியலியா?"

"அதுக்குள்ள நான் சொல்லிருவேன்."



அவருக்குப் போன வாரப் பேச்சு நினைவுக்கு வந்தது. "ஜெசி, அம்மாகிட்ட வாரியா, இல்ல அம்மா அங்க வந்துரட்டா?" என்று பிலோமினா கேட்டாள். ஜெசி வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "நீ வந்துரு பிலோ. அவளும் அதத்தான் சொல்லுவா." அப்போதுதான் பேச்சு அறுந்தது. அதற்கப்புறம் ஜெசி போன் பக்கமே வர மறுத்தாள். ஆனால் பிலோமினா விடவில்லை. "பிள்ள வாயால கேக்கணும். சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். இல்லேன்னா வீடு வேற நர்ஸுக்குப் போயிரும்" என்று எழுதியிருந்தாள். இன்று சனிக்கிழமை.

அவர் ஒரு எண்ணைப் போட்டார். அழித்தார். அதைவிடப் பெரிய எண்ணைப் போட்டார்.

"அண்ணாச்சி."

"ம்?"

"லைன் அறுந்துருமோன்னு பயமா, அறாம இருந்துருமோன்னு பயமா?"

பாக்கியநாதன் பெட்டியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வயரைச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார்.



சபியா டீச்சர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

*

வீட்டில் ஜெசிந்தா கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா கூப்பிடுற நேரம். வா ஜெசி."

"நான் வரல. கட் ஆகும்."

"ஆனா ஆகட்டும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

போன் அடித்தது. திரையில் பிலோமினா வந்தாள். வேலை முடிந்த களைப்பு முகத்தில் இருந்தது. தலைமுடியைக்கூட அவிழ்க்கவில்லை.

"என்ன, இன்னைக்கு ரெண்டு பேரும் இருக்கீங்க? மழைதான் வரப்போகுது" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஜெசி, கேட்டதுக்குப் பதில் சொல்லு தங்கம். எதுன்னாலும் அம்மாவுக்குச் சம்மதம்தான்."

படம் நின்றுபோனது.

பிலோமினாவின் வாய் பாதி திறந்தபடி உறைந்திருந்தது. "கேக்குதா? பிலோ, கேக்குதா?" பாக்கியநாதனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஜெசி அப்பாவைத்தான் பார்த்தாள். இப்போது கத்துவார், எழுந்து ஓடுவார், பெட்டியைத் தட்டுவார் என்று காத்திருந்தாள்.

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மூலையில் மறுபடி மாட்டியிருந்த பெட்டியின் கேபிள் விளக்கு பச்சையாகவே இருந்தது.

படம் அசைந்தது.

"...லைன்ல இருக்கியா ஜெசி?"

"இருக்கேம்மா."

"சொல்லு."

ஜெசி பென்சிலைக் கீழே வைத்தாள். யோசித்தாள். தெருவில் ஒரு ஆட்டோ போனது. அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகச் சொல்ல வேண்டிய வாக்கியம் பாக்கியநாதனின் வாய்க்குள் முழுதாக, தயாராக இருந்தது. அவர் அதை விழுங்கினார். பெட்டி தாவவில்லை. பேச்சு அறவில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று அவர் எண்ணவில்லை.

ஜெசிந்தா, தான் மஸ்கட்டுக்கு வருவதாகச் சொன்னாள்.