அவர் திரும்பி வரும் காட்சி

இந்திராணியிடம் தொடர் எழுதக் கற்க வந்தபோது ததேயுவுக்கு நாற்பத்து நான்கு வயது. குமரிக் கடற்கரையில் தமிழாசிரியராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு சென்னைக்கு வந்திருந்தார். இந்திராணி அவரைவிட இளையவர். ஆனாலும் தொலைக்காட்சித் தொடர் எழுத நினைப்பவர்கள் அவர் வாசலுக்குத்தான் வந்தார்கள்.

"சொல்றதுக்குக் கதை இருக்கா? இல்ல, எழுதணும்கிற ஆசை மட்டும்தானா?" என்று முதல் நாள் கேட்டார்.

"ஒரே ஒரு கதை இருக்கு மேடம்."

அது அவருடைய அண்ணன் சிலுவைதாசனின் கதை. மீன் பிடிக்கப் போன இடத்தில் புயல் வந்தது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. சிலரை உடலாகக் கொண்டுவந்தார்கள். சிலுவைதாசன் எந்த வகையிலும் வரவில்லை. படகின் ஒரு பலகைகூட வரவில்லை. பங்குத்தந்தை ஆன்மா சாந்திக்குப் பூசை வைக்கலாம் என்றார். அண்ணன் மனைவி ஜெசிந்தா சம்மதிக்கவில்லை.

"ஆளே வராம என்ன பூசை?" என்று கேட்டாள். ஆண்டுகள் போயின. அவள் பதில் மாறவில்லை.

இந்திராணி முழுதும் கேட்டார். "எழுதுங்க" என்றார்.

ததேயு எழுதினார். கரையில் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. சேனலுக்குப் பிடித்திருந்தது. மாலை ஏழரை மணி தருவதாகச் சொன்னார்கள். தயாரிப்பாளர் ரங்கபாஷ்யம் பட்ஜெட் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கடல்ல ஷூட்டிங்னா கட்டுப்படியாகாது சார். படகு, டீசல், மழை வந்தா அன்னைக்கு முழுக்க நஷ்டம். வீட்டுக்குள்ள எடுக்கிற மாதிரி மாத்திக் குடுங்க."

ததேயு இந்திராணியிடம் வந்தார். "கடலை எடுத்துட்டா கதையில என்ன மேடம் இருக்கும்?"

இந்திராணி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது. இயந்திரம் பூமியைக் குடையும் சத்தம் சாத்திய மரக்கதவைத் தாண்டி வந்தது.

"ரோடு தெரியுதா?"

"இல்ல."

"இருக்கா?"

ததேயு போய் எல்லாக் காட்சிகளையும் வீட்டுக்குள் மாற்றி எழுதினார். ஒவ்வொரு காட்சிக்குப் பின்னாலும் அலைச் சத்தம் என்று குறித்தார். முன்பைவிட நன்றாக இருந்தது.

அடுத்த சிக்கல் பணத்தோடு வந்தது. சேனல் பணம் தருவதற்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை படப்பிடிப்பு நடக்க வட்டிக்கு வாங்க வேண்டும். கடன் கொடுக்க வந்தவர் கதையைக் கேட்டுவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். புருஷன் திரும்பி வர வேண்டும். வராத புருஷனுக்காக எந்த வீட்டில் தினமும் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

"முடியாது" என்றார் ததேயு.

"அவர் பணம் இல்லேன்னா தொடரே இல்ல சார்" என்றார் ரங்கபாஷ்யம்.

ததேயு மறுபடி இந்திராணி முன்னால் நின்றார். "என் அண்ணன் வரல மேடம். வந்தான்னு எழுதினா அது பொய். பணத்துக்காக அவன் சாவை வித்த மாதிரி ஆயிடும்."

"இது யாரோட கதை?"

"என் அண்ணனோடது."

"அவர் இல்ல. இருக்கறது யாரு?"

"மைனி." அவர்கள் ஊரில் அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள்.

"அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினீங்களா?"

ததேயு கதைத் தாள்களை எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போனார்.

ஜெசிந்தா அங்கன்வாடியில் சமைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முகம் கழுவி, தலையில் முக்காடிட்டு, கோயிலில் உட்காருவதுபோல் சுவரோரம் உட்கார்ந்தாள். ததேயு வாசித்தார். அவள் அழவில்லை. நடுவில் எதுவும் கேட்கவும் இல்லை. வாசித்து முடிந்ததும் கேட்டாள்.

"இதுல அவரு வாராரா, தம்பி?"

"இல்ல மைனி."

"ஏன்?"

"நெசத்துல வரலையே."

"நெசத்துல வரலன்னு எனக்குத் தெரியாதா?"

ததேயு தாளைப் பார்த்தபடி இருந்தார்.

"கதையிலயாவது வரட்டும் தம்பி. ஒரு தடவ அந்த வாசல்ல வந்து நிக்கட்டும். நான் கண்ணால பாத்துக்கிடுதேன். மறுநாளே பங்குச் சாமியார்ட்ட சொல்லிப் பூசை வச்சிரலாம்."

சென்னைக்குத் திரும்பியதும் ததேயு நிபந்தனைக்குச் சம்மதித்தார். படப்பிடிப்பு தொடங்கியது. புருஷன் திரும்பி வரும் எபிசோடையும் எழுதி வைத்துவிட்டார். எப்போது எடுப்பது என்பதுதான் பாக்கி.

தொடர் ஓடியது. அந்தப் பெண் விளக்கைத் துடைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டு ஓடினாள்; வந்தது பக்கத்து வீட்டுக்காரி. ததேயுவின் கை அதற்கு முன் எப்போதும் அப்படி எழுதியதில்லை. பத்திரிகையில் ஒருவர் பாராட்டி எழுதினார். ஆனால் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

"சீக்கிரம் ஆளைக் கொண்டாங்க சார்" என்றார் ரங்கபாஷ்யம். "சேனல்ல முகம் சுளிக்கிறாங்க."

"இன்னும் சில வாரம் போகட்டும். காத்திருப்பு இன்னும் பழுக்கல."

அந்த வாரக் காட்சிகளை இந்திராணி படித்தார். தாளை மேஜையில் வைத்தார்.

"நல்லா இல்லையா மேடம்?"

"ரொம்ப நல்லா எழுதறீங்க. அதான் பயமா இருக்கு."

ததேயு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஊரில் ஜெசிந்தா தினமும் ஏழரைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். தொடர் முடிந்ததும் ததேயுவுக்கு போன் செய்வாள். நீளமாகப் பேச மாட்டாள். "இன்னைக்கும் வரல, என்ன?" என்பாள். "வருவான் மைனி" என்பார் ததேயு. "சரி தம்பி" என்று வைத்துவிடுவாள். பூசைக்கு என்று ஒரு வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருப்பதாக ஒருமுறை சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சேனலிலிருந்து ரங்கபாஷ்யத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். தொடர் அன்றோடு முடிந்தது. திங்கள் முதல் அந்த நேரத்தில் ஒரு பாட்டுப் போட்டி.

ததேயு ஸ்டூடியோவுக்கு ஓடினார். "ஒரு நாள் குடுங்க. ஒரே ஒரு காட்சி. அவன் வாசல்ல வந்து நிக்கணும், அவ்வளவுதான்."

"யார் போடுவா சார் அதை? எங்க போடுவா?" என்றார் ரங்கபாஷ்யம். அவர் கண்களும் கலங்கியிருந்தன. வாங்கிய கடன் அவர் தலையில்தான் இருந்தது. பின்னால் ஆட்கள் செட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்த வாசல் ஒட்டுப்பலகைகளாகக் கழன்று வண்டியில் ஏறியது.

திங்கட்கிழமை மாலை ததேயுவின் போன் அடித்தது.

"தம்பி, வேற ஏதோ பாட்டு ஓடுது. நாளைக்கு வருமா?"

ததேயுவால் பேச முடியவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரி தம்பி" என்றாள்.

மறுநாள் காலை ததேயு இந்திராணியின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் முன்னாடியே அவனைக் கொண்டுவந்திருக்கலாம் மேடம்."

"ஆமா."

"காத்திருக்கிற காட்சி நல்லா வந்துச்சு. அதை விட மனசு வரல."

ததேயு பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்தார்.

"அந்த எபிசோடு எழுதினபடி இருக்கு. கொண்டுபோய் மைனிக்கு வாசிச்சுக் காட்டட்டுமா?"

"அவங்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்களா?"

"இல்ல. நாளைக்கு வருமான்னுதான் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் போய் அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்? ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம். அதை அப்படியே சொல்லிடறேன்."

இந்திராணி மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தார். மூடியைத் திருகி மூடி, இழுப்பறைக்குள் போட்டார்.

"சாயங்காலம் ரயில் இருக்கு. நாளைக்கும் ஏழரைக்கு அவங்க டி.வி. முன்னாடி உட்காருவாங்க. பக்கத்துல போய் உட்காருங்க, ததேயு."