காலிச் சந்தாவுக்குக் காவல்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் கிளவுட் கணக்கில், இணையவழிக் கணினிச் சேவைகளுக்காக ஆளாளுக்கு வாங்கிப்போட்ட சந்தாக்கள் குவிந்து கிடந்தன.

"வேண்டாததையெல்லாம் சாயங்காலத்துக்குள்ள மூடிடும்மா. வேண்டியது ஒண்ணு நின்னாலும் உன் வேலை போச்சு," என்றார் மேலாளர் ஜெயசீலன், ஒப்பந்த ஊழியை செல்வராணியிடம்.

எது யாருடையது என்று மேசை மேசையாகக் கேட்டாள். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மூடினாலும் வேலை போகும், மூடாவிட்டாலும் போகும்.

கடைசியில், பொய்யாக உரிமை கொண்டாடுகிறவர் யாரென்று பார்க்க, அவளே புதிதாக ஒரு சந்தா திறந்து, உள்ளே எதுவும் வைக்காமல் மற்றவற்றோடு பட்டியலில் சேர்த்தாள். "சந்தாவை நன்றாக நடத்துகிறவர்களை முதலாளி பாராட்டப்போகிறார், உங்கள் சந்தா எதுவென்று குறித்துப் பெயர் தரவும்" என்று அந்தப் பட்டியலோடு எல்லாருக்கும் தகவல் அனுப்பினாள். பெயர்கள் வந்து கொட்டின. கேட்பாரற்றவற்றை மூடினாள்.

மாலையில் ஜெயசீலன் முதலாளியிடம் அந்தப் புதுச் சந்தாவைக் காட்டி, "இது வருஷக்கணக்கா என் நேரடிப் பார்வையில ஓடுதுங்க," என்றார்.

"மத்தியானம் நான் திறந்ததுங்க சார். உள்ள ஒண்ணுமே இல்லீங்க," என்றாள் செல்வராணி.

முதலாளி சிரித்துவிட்டுக் காரேறிப் போனார்.

மறுநாள் ஜெயசீலனின் உத்தரவு வந்தது. கம்பெனிக்கு உயிர்நாடியான சந்தா அதுதானாம். செல்வராணி அதை அல்லும்பகலும் கண்காணிக்க வேண்டுமாம்.

இன்றைக்கும் அவள் ஒன்றுமில்லாததற்குக் காவல் இருக்கிறாள். விடுப்புக் கேட்டால், "அதை யாரும்மா பாத்துக்குவா?" என்கிறார்.