கரிசலுக்கு வந்த குளிர்காலம்

ஒரு கணினி விளையாட்டுக்குள் ஒரு பெரிய உலகம் இருந்தது. வடக்கே டிராகன்கள் குடியிருக்கும் வெள்ளிமலை, தெற்கே கறுப்பு மண் விரிந்த கரிசல்சீமை, நடுவே காடும் ஆறும் கோட்டைகளும். அரசர்கள் படை திரட்டி ஒருவர் நாட்டை ஒருவர் பிடிப்பதுதான் அங்கே பிழைப்பு.

அந்த உலகத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலம் வரும். அதன் முதுகில் ஒரு உறைபனி மூட்டை இருக்கும். கூடவே சட்டம் நடந்து வரும். சட்டத்தின் கையில் ஒரே ஒரு தாள்: 'எல்லா நாட்டிலும் உறைபனி பொழியும். எல்லா நாட்டிலும் பயிர் சாகும். எல்லா நாட்டிலும் படை நகராமல் நிற்கும்.'

இதை எழுதிய ஆள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே எழுதினான். உறைபனியை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். தன் ஊர்க் குளிர்காலம் எப்படி இருக்கிறது என்று ஜன்னலைத் திறந்து பார்க்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. இப்படி ஒரு புத்திசாலி!

வெள்ளிமலைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அங்கே கம்பளி இருந்தது, கணப்பு இருந்தது, கோடையிலேயே நிரப்பி வைத்த களஞ்சியம் இருந்தது. கரிசல்சீமையில் விதைப்பதே குளிர்காலத்தை நம்பித்தான். விளைந்து நிற்கிற நேரம் பார்த்து உறைபனி விழுந்து எல்லாவற்றையும் அமுக்கியது. இரண்டு ஆண்டாக ஒரு தானிய மணிகூட வீடு வந்து சேரவில்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூன்று ஆண்டு விளைச்சல் இல்லாத நாட்டை விளையாட்டு தன் வரைபடத்திலிருந்தே அழித்துவிடும். இது மூன்றாம் ஆண்டு.

குளிர்காலம் வழக்கம்போல வந்து கரிசல்சீமை எல்லையில் நின்றது. அங்கே குருவம்மா காத்திருந்தாள். விளையாட்டில் கட்டைவிரல் உயரம்கூட இல்லாத குடியானவப் பெண்.

"வாங்க, வாங்க. உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்."

குளிர்காலம் பின்னால் திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை. "என்னையா சொல்கிறாய்?"

"வேற யாரு வந்திருக்கா? கொண்டக்கடல வெதச்சிருக்கேன். மழை முடிஞ்சுபோச்சு. இனிமே அது குடிக்க உங்க பனித்துளி ஒண்ணுதான். நீங்க வராட்டா காஞ்சிரும். ஆனா அந்த மூட்டைய மட்டும் வெளிய வச்சிட்டு வாங்க. அதக் கொட்டுனா செத்துரும். ரெண்டு வருசமா சொல்லணும்னு நெனச்சேன், பயம். இனிமே பயந்து என்ன ஆகப்போகுது?"

குளிர்காலம் முதுகு மூட்டையைத் தொட்டுப் பார்த்தது. போகிற இடமெல்லாம் கதவைச் சாத்தி, "எப்போது தொலைவாய்?" என்று கேட்பவர்களைத்தான் அது பார்த்திருக்கிறது.

சட்டம் தாளை விரித்தது. "அதெல்லாம் நடக்காது. எல்லா நாட்டுக்கும் ஒரே மூட்டை."

தொலைவிலிருந்து வெள்ளிமலையும் குரல் கொடுத்தது. "அவளுக்கு மட்டும் சலுகையா? நான் இங்கே விறைத்துக் கிடப்பேன். என் வீரர்கள் கணப்பை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். தெற்கத்திப் படை சாவகாசமாக வந்து என் கோட்டையைப் பிடித்துவிடுமே!"

அதுவும் நியாயம்தான். குருவம்மாவே தலையாட்டினாள்.

"உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா எங்க படைன்னா யாரு? எம் புருசன், எங் கொழுந்தன், எதுத்த வீட்டு ஒச்சப்பன். பருத்தி வெடிச்சு நிக்கிது, சோளம் அறுக்கணும், எங்களுக்குக் கையி பத்தல. இந்த நேரத்துல எந்த ராசா கூப்பிட்டாலும் ஒருத்தன் போகமாட்டான். போனா வெளஞ்சது பூராவும் புஞ்சக் காட்டுலயே உதிந்துபோகும். உங்க படைய உறைபனி நிப்பாட்டுது. எங்க படைய அறுப்பு நிப்பாட்டும்."

"வாயால் சொன்னால் ஆயிற்றா?" என்றது சட்டம்.

குளிர்காலம் மூட்டையை இறக்கி எல்லைக்கல்லுக்கு அருகே வைத்தது. "நான் பொறுப்பு. இவள் சொன்னது பொய் என்றால் இந்த விளையாட்டிலிருந்து என்னை எடுத்துவிடு." வெறுங்கையோடு கரிசலுக்குள் இறங்கி நடந்தது. நடந்த வழியெல்லாம் செடிகள் நனைந்தன.

மூட்டை இல்லாமல் குளிர்காலம் வந்ததைக் கரிசல்சீமை அரசன் கேள்விப்பட்டான். உடனே மீசையை முறுக்கினான். "விடாதே, இதுதான் சமயம்! வெள்ளிமலைக்குப் புறப்படுவோம், முரசைக் கொட்டு!" என்றான்.

சட்டத்துக்குப் படபடப்பு. பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்தது. மூன்று நாள் முரசு முழங்கியது. ஓர் ஆள் வரவில்லை. நாலாம் நாள் முரசு அடித்தவனும் முரசை வரப்பில் வைத்துவிட்டுப் பருத்தி எடுக்கப் போய்விட்டான். அரசனும் அவன் குதிரையும் மட்டும் மிச்சம். குதிரையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சோளத்தட்டை தின்னப் போயிற்று.

சட்டம் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து தாளை விரித்தது. பிறகு தன் தாளைத் தானே அடித்துத் திருத்தியது: 'வெள்ளிமலையில் உறைபனி படையை நிறுத்தும். கரிசல்சீமையில் அறுவடை நிறுத்தும். அறுவடையை விட்டுப் போருக்குப் போகிற நாடு, பட்டினி கிடக்கும்.' வெள்ளிமலை அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தது. "சரி, இது ஒத்துக்கொள்ளக்கூடியதுதான்," என்றது.

களத்தில் சோளம் குவிந்தது. பூட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வரைபடத்தில் கரிசல்சீமை இருந்த இடத்திலேயே இருந்தது.

குளிர்காலம் புறப்படும் நாள் வந்தது. குருவம்மா விடியும் முன்பே எழுந்து, இன்னும் பச்சையாக நின்ற கடலைச் செடிகள்மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தாள். துண்டு நன்றாக நனைந்ததும் சின்னக் கிண்ணத்தில் பிழிந்து நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க."

குளிர்காலம் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தது. "இவ்வளவு புளிப்பா! என்ன இது?"

"நீங்க பெய்ஞ்சதுதான். கடல எலையில தங்குனா இப்படிப் புளிச்சுப்போகும். எங்க ஊர்ல வயித்து வலிக்கு இதான் மருந்து."

தன் கையால் யாருக்கும் மருந்து கிடைக்கும் என்று குளிர்காலம் கனவிலும் நினைத்ததில்லை. மிச்சத்தையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தது. எல்லைக்கு வந்து, மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டது.

பின்னாலேயே வந்த குருவம்மா கேட்டாள்: "மறுபடி எப்ப வருவீக?"

குளிர்காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தது.

அன்று வெயில் ஏறி வெகுநேரம் ஆன பிறகும், கரிசல்சீமையில் பனித்துளி விழுந்துகொண்டே இருந்தது.