துறையில் ஏறும் காலிக் கூண்டு

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சு. கடற்கரையில் வானிலை சொல்லும் வேலை அப்போது ஆலாப் பறவையுடையது. யாரும் கொடுத்த வேலை அல்ல, அதுவாகச் செய்தது. நடுக்கடல் வெந்நீர்போலச் சூடேறிக் கிடக்கும் மாதங்களில் வெகுதூரம் பறந்து போய்ப் பார்த்துவிட்டு, விடியும்போது கரைக்குத் திரும்பும். காற்று எந்தப் பக்கம், அலை எத்தனை ஆள் உயரம், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்று ஒவ்வொரு வள்ளமாக உட்கார்ந்து சொல்லும். மீனவர்கள் ஒரு மத்தி மீன் கொடுப்பார்கள். கொடுக்க மறந்தாலும் மறுநாள் வரும்.

ஓர் ஐப்பசியில் ஆலா வந்து, "மூணு நாளைக்கு யாரும் கடலுக்கு இறங்காதீங்க. கிழக்கே காற்று சுருளுது" என்றது. யாரும் இறங்கவில்லை. மூன்று நாளும் நல்ல வெயில் அடித்தது. புயல் வடக்கே திரும்பிவிட்டது.

நான்காம் நாள் கரையில் கூட்டம் கூடியது. ஊரின் வள்ளங்கள் எல்லாம் வயிரவன் சம்மாட்டிக்குச் சொந்தம். வலை அவருடையது, பாய் அவருடையது. கடலில் போகும் உயிர் மட்டும் மற்றவர்களுடையது.

"மூணு நாளா உங்க அடுப்பை அணைச்சது யாருய்யா? புயலா, இந்தப் பறவையா?" என்று கேட்டார் சம்மாட்டி.

"புயல் திரும்பிப் போச்சு" என்றது ஆலா. "வடக்கே போய்ப் பாருங்க. இருநூறு வீடு நின்ன இடத்தில மணல்தான் கிடக்கு."

"அப்ப வடக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டியதுதானே!" என்றான் ஒருவன்.

கூட்டம் சிரித்தது. பசித்தவர்களைச் சிரிக்க வைப்பது எளிது. யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதைச் சம்மாட்டிகள் காட்டிக் கொடுப்பார்கள்.

"இனிமே இது என் முற்றத்தில இருக்கட்டும்" என்றார் அவர். "சேதியை என்கிட்டச் சொல்லட்டும். நான் பார்த்து உங்களுக்குச் சொல்றேன்."

அங்கே நூறு பேர் நின்றார்கள். வேண்டாம் என்று ஒரு வாய் திறக்கவில்லை. கூரி என்பவன் மீன்பிடிக்கும் பறி முடைவதில் கெட்டிக்காரன். அவன் பிரம்பு வெட்டிக் கூண்டு முடைந்தான். அவன் மனைவி முத்திருளி கதவைக் கட்டக் கயிறு திரித்துக் கொடுத்தாள். சம்மாட்டியின் விரல் அந்தப் பிரம்பில் படவே இல்லை. இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பன்னிரண்டு நாள் போயிற்று. ஆலாவால் பறக்க முடியாவிட்டாலும் காது இருந்தது. கரையில் ஓர் அலை விழுந்து அடுத்த அலை விழும் இடைவெளி நீண்டுகொண்டே போவதைக் கேட்டது. புயல் நெருங்குவதற்கு அது அடையாளம். விடியும்போது சம்மாட்டியிடம், "இன்னைக்கு வந்துடும். இந்தத் தடவை திரும்பாது" என்றது.

புயலுக்கு முன் மீன் கூட்டம் கூட்டமாகக் கரைப்பக்கம் ஒதுங்கும். அது சம்மாட்டிக்குத் தெரியும். அவர் வாசலுக்கு வந்து, "கடல் நல்லாத்தான் இருக்காம். போங்க" என்றார். பதினோரு வள்ளங்கள் போயின. கூரி முதல் வள்ளத்தில் இருந்தான்.

முத்திருளி சம்மாட்டி முற்றத்தில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள்ளிருந்து ஆலா கூப்பிட்டது.

"முத்திருளி, உன் வீட்டுக்காரன் போயிட்டானா?"

"போயிட்டாரு. கடல் நல்லா இருக்குன்னு நீதானே சொன்னியாம்?"

"நான் சொன்னது வேற, அவர் சொன்னது வேற. நல்லாக் கேட்டுக்கோ. முதல்ல வாடைக்காற்று அடிக்கும். உச்சிப்பொழுதில காற்று செத்துப்போய் வெயில்கூட வரும். அது புயலோட நடு. அதை நம்பி யாரும் ஒதுங்கின இடத்தை விட்டு வரக் கூடாது. அடுத்த காற்று எதிர்ப்பக்கத்தில இருந்து, முன்னதைவிட மோசமா வரும். கதவை அவிழ்த்து விடு. பறந்து போய் ஒவ்வொரு வள்ளத்துக்கும் சொல்லிடறேன்."

அவள் கை கயிற்றுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"உன்னை அடைச்சது நாங்க. வெளியே விட்டா நீ எதுக்கு அந்தப் பக்கம் போகப்போறே?"

"போவேன்."

"நானா இருந்தாப் போகமாட்டேன்."

அவள் பறவையைத் தன்னை வைத்து அளந்தாள். கதவைத் திறக்காமல் கூண்டை அப்படியே தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். வள்ளங்களைக் கூப்பிடத் துணி ஏற்றும் கம்பம் அங்கே இருந்தது. உயரத்திலிருந்து ஆலா கத்தினால் கடலில் கேட்கும் என்று, அதன் கயிற்றில் கூண்டைக் கட்டி மேலே இழுத்தாள்.

"யாரைக் கேட்டுடி எடுத்தே?" என்று கத்திக்கொண்டு வந்தார் சம்மாட்டி.

"உங்களைக் கேட்டுத்தான் பதினோரு வள்ளமும் போச்சு" என்றாள் அவள்.

கடலில் இருந்தவர்கள் கூண்டு ஏறுவதைக் கண்டார்கள். ஆபத்து என்று புரிந்தது. கரைக்கு வரப் பொழுது இல்லை. அவர்களுக்குப் பக்கத்தில், கரைக் கம்பம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு மணல்தீவு இருந்தது. அங்கே வள்ளங்களை ஏற்றிப்போட்டு ஒதுங்கினார்கள்.

வாடைக்காற்று வந்தது. கம்பம் வளைந்தது. "வெயில் வந்தாலும் தீவை விட்டு வராதீங்க! வராதீங்க!" என்று காலை முழுவதும் கூண்டுக்குள்ளிருந்து ஆலா கத்தியது. காற்று அந்தக் குரலைக் கிழித்துத் தெற்கே கொண்டுபோனது. தீவில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

உச்சிப்பொழுதில் காற்று நின்றது. வெயில் வந்தது. ஒதுங்கியிருந்த முத்திருளி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். பிரம்பில் மோதி மோதிப் பறவையின் நெஞ்சு ரத்தமாக இருந்தது. அவளுக்குத் தாங்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கூண்டை இறக்கினாள்.

தீவில் கூரி கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூண்டை இறக்கிட்டாங்கப்பா! முடிஞ்சுது! தள்ளுங்க!"

பதினோரு வள்ளங்களும் கடலில் இறங்கின.

முத்திருளி கதவைத் திறந்தாள். அப்போதுதான் தீவுப்பக்கம் பாய்கள் விரிவதைக் கண்டாள். தான் இறக்கியது என்ன என்று புரிந்து, "போ, போய்ச் சொல்லு!" என்று அலறினாள். ஆலா மலைப்பக்கமோ காட்டுப்பக்கமோ போகவில்லை. நேராகக் கடலுக்குப் பறந்தது. ஒவ்வொரு வள்ளத்தின் மூக்கிலும் உட்கார்ந்து வாயைத் திறந்தது. தொண்டை கிழிந்திருந்தது. 'கிரீச்' என்ற சத்தம் தவிர ஒரு சொல் வரவில்லை.

"பார்த்தீங்களா, நம்மளக் கூட்டிட்டுப் போக வந்திருக்கு!" என்று கூரி சிரித்து, ஒரு மத்தியை எடுத்துப் போட்டான். ஆலா அதைத் தொடவில்லை. தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அவர்கள் கையசைத்தார்கள்.

பிறகு எதிர்ப்பக்கக் காற்று வந்தது. பதினோரு வள்ளங்களில் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

சம்மாட்டியின் வீடு மேட்டில் இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தை மாதம் அவர் புது வள்ளங்கள் கட்டினார். அவற்றில் ஏறவும் ஆட்கள் வந்தார்கள். முத்திருளி கம்பத்தடியிலேயே குடியிருந்தாள். அலையின் இடைவெளி நீளும்போதெல்லாம் அந்தக் கூண்டைக் கதவு திறந்தபடி மேலே ஏற்றுவாள். வெயில் வந்தாலும், சம்மாட்டியே வந்து திட்டினாலும், கடல் முழுக்க அடங்கும்வரை கயிற்றை விடமாட்டாள்.

அன்று முதல்தான் ஆலாவுக்குப் பேச்சு இல்லை. வள்ளத்தைக் கண்டால் மேலே சுற்றிச் சுற்றிக் கத்த மட்டும் செய்கிறது. அன்று முதல்தான் புயல் வரும்போது துறையில் கூண்டு ஏறுகிறது. ஆபத்து என்று மட்டும் அது சொல்லும். எதை நம்பக் கூடாது என்று சொல்லக்கூடியது அதற்குள் இல்லை.